அடிவயிற்றுக் கயிறும் என் நாற்காலியும்

அன்று எங்கள் கம்பம் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: சேக் பரீத் ஆகிய நான், என் மகன் அப்சல், அவன் மனைவி சமீனா, உத்தமபாளையத்திலிருந்து வந்த என் தங்கை லத்திபா, அவள் கணவர் அல்தாப். டாக்டர் சுபாஸ்ரீ போனில் இருந்தார். வேறு யாரும் இல்லை. நேரில் பார்த்ததாகச் சொல்பவர்கள் சுவர் வழியாகப் பார்த்திருக்க வேண்டும். அவ்வளவு கூர்மையான கண்கள் எங்கள் தெருவில் உண்டு.

பெரியவர்கள் வந்தால் மருமகள் எழுந்து நின்று சலாம் சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். என் அத்தா வைத்தது. நான் காப்பாற்றி வருவது. ஏழு மாதக் கர்ப்பிணியான சமீனா லத்திபாவுக்கு உட்கார்ந்தபடியே சலாம் சொன்னாள். அதுவும் என் நாற்காலியில்.

லத்திபா உட்காரவில்லை; தண்ணீரும் தொடவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அதில் அவளுக்கு நல்ல பயிற்சி.

"அண்ணே, ஒங்க மருமக மகாராணி ஆயிட்டா போல. வெள்ளிக்கிழமை இங்க நடக்குற விருந்துக்கு எங்க வீட்டு ஆளுக யாரும் வர மாட்டாக. ஏன்னு கேட்டா உள்ளதச் சொல்லுவேன்."

உள்ளதைச் சொன்னால் பரவாயில்லை. அந்தச் சேதி உத்தமபாளையம் போய்ச் சேர்வதற்குள் சமீனா மாமியை வாசலோடு விரட்டியவள் ஆகியிருப்பாள்.

பயந்துபோன சமீனா வெடுக்கென்று எழுந்தாள். "யா அல்லா!" வலது தொடையிடுக்கைப் பிடித்துக்கொண்டு மறுபடி சரிந்தாள்.

"நல்லா நடிக்கிறா," என்றாள் லத்திபா.

அப்சல் டாக்டரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டான்.

"கர்ப்பப்பையோட ரெண்டு பக்கத்துலயும் கயிறு மாதிரி ஒரு லிகமென்ட் இருக்கு. பையைத் தாங்கிப் பிடிச்சு, அடிவயித்துச் சுவர் வழியாப் போயி தொடையிடுக்குல முடியும். பை பெருசாக ஆக அதுவும் நீளும். வெடுக்குனு எந்திரிச்சா, தும்முனா, சுண்டி இழுக்கும். உயரமான நாற்காலியில உக்காரட்டும், மெதுவா எந்திரிக்கட்டும். வலி விடாம இருந்தாலோ ரத்தம் பட்டாலோ உடனே கூட்டிட்டு வாங்க."

எனக்கு விளங்கிவிட்டது. திராட்சைப் பந்தலின் ஓரத்தில் கல்லூன்றி இழுத்துக் கட்டிய கம்பியும் குலை கனக்கும்போது அப்படித்தான் விறைக்கும். பந்தலை யாரும் எழுந்து சலாம் சொல்லச் சொல்வதில்லை.

ஜீப் ஓட்டும் அல்தாப் தன் அறிவையும் வழங்கினார். "போல்ட்டு மாதிரி டைட் வைக்க முடியாதா டாக்டர்?"

"எங்க காலத்துல இந்தக் கயிறெல்லாம் கெடையாது," என்றாள் லத்திபா.

"இருந்துச்சும்மா. ஒங்களுக்கு வலிக்கலையா?" என்றார் டாக்டர்.

அல்தாப்தான் சொன்னார்: "எங்கம்மா வர்றப்பல்லாம் எந்திரிச்சுக் கதவப் பிடிச்சுக்கிட்டு அழுதியே, மறந்துட்டியா?"

அல்தாப் மச்சான் பேசி நான் கேட்ட முதல் உருப்படியான பேச்சு அது.

லத்திபா ஸ்டூலை இழுத்து சமீனாவின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். "எந்தப் பக்கம்டி ரொம்ப இழுக்குது?"

வெள்ளிக்கிழமை எல்லாரும் வந்தார்கள். பிரியாணியில் உப்புக் குறைவு என்று மட்டும் லத்திபா கண்டுபிடித்தாள்.

இப்போது கம்பம் மார்க்கெட்டில் ஒரு பேச்சு: சேக் பரீத் மருமகளுக்காக எழுந்து நின்றார் என்று. தவறு. நான் எழவில்லை. தாழ்ந்த கட்டிலிலிருந்து எழ அவள் பட்ட பாட்டைப் பார்த்துக் காலையிலேயே நாற்காலியைக் கொடுத்துவிட்டேன். தங்கை வந்தபோது ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தேன்.