உறவு என்ற கட்டம்

"கட்டிக் குடுத்தாச்சில்ல? இனி உங்க கையெழுத்து செல்லாது, சம்பந்தி. ஓரமா உக்காருங்க."

ஆபரேஷன் அறை வாசலில் சம்பந்தியம்மா போட்ட போடில் கறிக்கடைக்காரர் பெஞ்சு நுனிக்கு நகர்ந்தார். உள்ளே அவர் மகளுக்கு வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுக்கப் போகிறார்கள். நஞ்சுக்கொடி கீழிறங்கிக் கிடக்கிறது, உடம்பில் ரத்தமும் குறைச்சல், ரத்தப்போக்கைக் குறைக்க ஓர் ஊசி போடுகிறோம் என்று நர்சு படிவத்தை நீட்டினாள். மகளைக் கேட்டதற்கு, "அத்தை சொன்னா சரி" என்றாளாம். அப்படித்தான் வளர்த்திருந்தார் அவர்.

"கெட்ட ரத்தம் போயே ஆகணும். அடைச்சு வச்சா அடுத்த பிள்ளை தங்காது. வேண்டாம்னு எழுதுடா," என்றாள் சம்பந்தியம்மா. மருமகன் எழுதினான்.

கறிக்கடைக்காரருக்கும் ஊசிமேல் நம்பிக்கை கிடையாது. டாக்டர்கள்மேல் சுத்தமாகக் கிடையாது. ஆனால் நாற்பது வருஷமாக ரத்தம் வடிவதைப் பார்த்த கண்.

"நிக்காத ரத்தத்துல நல்லது கெட்டது ஏதும்மா? போனா உசுருதான் போகும்."

"ஆடு அறுக்கற கை வைத்தியம் பேசுது பாரு!"

அரை மணியில் கதவு திறந்தது. நர்சுக்கு மூச்சு வாங்கியது.

"பொண்ணு பொறந்திருக்கு. தாய்க்கு ரத்தம் நிக்கலை. எங்க இருப்புலேர்ந்து ஏத்தறோம், பதிலுக்கு யாரு குடுக்கறீங்க? அந்த ஊசியை இப்பவாவது போடணும், வேண்டாம்னதை மாத்தி எழுதுங்க."

மருமகன் அம்மா முகத்தைப் பார்த்தான்.

"அவன் நேத்துலேர்ந்து சரியா சாப்பிடலை," என்றாள் அவள். பிறகு குரலில் தேன் வடிந்தது. "அப்பா இருக்காரே! பெத்தவரு குடுக்கற மாதிரி வருமா?"

அவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே எழுந்தார்.

"அந்தக் காகிதத்தைக் குடு தாயி."

"மாமா, அம்மாகிட்ட ஒரு வார்த்தை..."

"உங்கம்மா ரத்தம் குடுக்கறாங்களா மாப்ளே? இல்லேல்ல? நகருங்க."

'வேண்டாம்' என்ற எழுத்தின் மேல், கத்தியை இழுப்பதுபோல் பேனாவை ஒரே இழுப்பாக இழுத்தார். கையெழுத்தும் போட்டார். உறவு என்ற கட்டத்தில் பேனா நின்றது. அப்பா என்றால்தான் செல்லாதே. எழுத்துக்கூட்டி எழுதினார்: 'ரத்தம் கொடுப்பவன்.'

நர்சு அதைப் படித்துவிட்டு உள்ளே ஓடினாள்.

"அம்மாடி," என்று பின்னாலிருந்து கத்தினாள் சம்பந்தியம்மா, "அடுத்தது தங்குமான்னு மட்டும் டாக்டரைக் கேட்டுச் சொல்லு!"