பொழுது இருக்கா, சிஸ்டர்?

1

இந்தக் கதையை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பஸ்ஸில் ஒட்டுக்கேட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு எங்கேயாவது ஓட்டை தெரிந்தால், "இவன் பாதிதானே கேட்டான்" என்று நீங்கள் விட்டுவிடலாம்.

1986, கார்த்திகை மாதம். திண்டிவனத்தில் ஒரு டுட்டோரியலில் பாடம் எடுத்துவிட்டு விழுப்புரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். முன் சீட்டில் இரண்டு நர்ஸம்மாக்கள். ஜன்னலோரம் இருந்தவர் சொல்லச் சொல்ல, மற்றவர் "ஐயையோ" என்றும் "அப்புறம்?" என்றும் கேட்டுக்கொண்டு வந்தார். நான் மடியில் விடைத்தாள்களை வைத்துக்கொண்டு திருத்துவதுபோல் பாவனை செய்தேன். மயிலம் கூட்ரோட்டில் கூட்டம் ஏறியபோது கதை நடுவில் இருந்தது. விக்கிரவாண்டி வந்தபோது, கதையில் வரும் வயசான அம்மா ஒரு கேள்வி கேட்டிருந்தார். அதற்குத் தான் என்ன பதில் சொன்னார் என்று ஜன்னலோர நர்ஸம்மா வாய் திறப்பதற்குள் கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். இருவரும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

நானும் இறங்கியிருக்கலாம். ஆனால் முன்பின் தெரியாத பெண்ணின் பின்னால் ஓடி, "அப்புறம் நீங்க என்னம்மா சொன்னீங்க?" என்று கேட்டால் விக்கிரவாண்டிக்காரர்கள் என்னைச் சும்மா விட்டிருப்பார்களா? அதனால் மூன்று வருடமாக அந்தப் பதிலை நானே எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெயர்கள் எல்லாம் நான் வைத்தவை. நர்ஸம்மா கழுத்தில் சிலுவை போட்ட சங்கிலி இருந்தது, சவுரியம்மாள் என்று வைத்துக்கொண்டேன்.

2

முதல் ஆரம்பம்: "திண்டிவனத்தின் மேற்கு வானில் செந்நிறப் பந்தாகச் சூரியன்—"

(நிறுத்திவிட்டேன். கதை நடந்த அன்று நல்ல மழை. சூரியனை யாரும் பார்க்கவில்லை. தவிர, செந்நிறப் பந்து என்று என் மாணவன் எழுதினால் நானே சுழித்திருப்பேன்.)

இரண்டாவது ஆரம்பம்: "மனித வாழ்வில் முதுமை என்பது—"

(இதுவும் வேண்டாம். கட்டுரைப் போட்டிக்குப் போகட்டும்.)

மூன்றாவது: "ஜ்வாலாமாலினி அம்மாளுக்கு எழுபத்தெட்டு வயது. செஞ்சிப் பக்கத்து நயினார் குடும்பம். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. இரண்டு கண்ணிலும் புரை. வெளிச்சமா இருட்டா என்பது மட்டும் தெரியும்."

இது ஆஸ்பத்திரிச் சீட்டு மாதிரி இருக்கிறது. இருந்தாலும் வைத்துக்கொள்கிறேன், உங்களுக்கு விஷயம் தெரிய வேண்டுமே. இன்னும் ஒன்றும் தெரிய வேண்டும். எங்கள் பக்கத்துச் சமணர்களை நாங்கள் நயினார் என்போம். அவர்களில் பழக்கம் விடாதவர்கள் பொழுது சாய்ந்தபின் வாயில் எதுவும் போடமாட்டார்கள். இருட்டில் கண்ணுக்குத் தெரியாமல் ஏதாவது பூச்சி புழு சோற்றோடு போய்விட்டால் அது பாவம். ஜ்வாலாமாலினி அம்மாள் கல்யாணமாகி வந்த நாள் முதல் இதைத் தவறவிட்டதில்லை.

மகன் ஜம்புகுமாருக்குத் திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி. லாரிக்கு மூட்டை ஏற்றும் நாட்களில் அவர் இருட்டிய பிறகு டீ குடிப்பதுண்டு. அம்மாவுக்குத் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

3

சவுரியம்மாள் என்ன வேலை செய்தார் என்று எழுதாவிட்டால் இந்தக் கதைக்கு அர்த்தமே இல்லை.

அவர் திண்டிவனத்தில் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் இருந்தார். காலையில் டியூட்டிக்கு முன்னாலும் சாயங்காலம் டியூட்டி முடிந்தும் ஜம்புகுமார் வீட்டுக்குப் போய் அந்த அம்மாவைப் பார்த்துக்கொள்வார். உடம்பு துடைப்பது, படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது, கஞ்சி ஊட்டுவது. கஞ்சிதான் கஷ்டமான வேலை. பக்கவாதத்தில் அந்த அம்மாவுக்கு விழுங்குவது சரியாக வரவில்லை. மருமகள் சாந்திமதி ஒருநாள் ஊட்டப் போய்ப் புரையேறி, அந்த அம்மா முகமே நீலம் பாரித்துவிட்டது. அதிலிருந்து சாந்திமதி ஸ்பூனைத் தொடுவதில்லை. பஞ்சில் தண்ணீர் நனைத்து உதட்டில் வைப்பதோடு சரி. கேப்பைக் கஞ்சியைப் பதமாகக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, சவுரியம்மாள் வரும்வரை காத்திருப்பாள்.

சவுரியம்மாள் தலையணைகளை அண்டக்கொடுத்து உட்கார வைப்பார். முகவாயைக் கொஞ்சம் தாழ்த்தச் சொல்வார். அரை ஸ்பூன். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அரை ஸ்பூன். ஒரு தம்ளர் கஞ்சிக்கு ஒரு சினிமாவின் பாதி ஓடிவிடும் என்று பஸ்ஸில் சொல்லிச் சிரித்தார்.

இன்னொன்றும் சொன்னார். பெருமைக்காகச் சொல்லவில்லை, முதுகு வலியைப் பற்றிப் பேசும்போது நடுவில் வந்தது. "தொடறதுக்கு முன்னாடி நான் சொல்லிடுவேன்டி. அம்மா, இப்போ இடது பக்கம் திருப்பப் போறேன், அம்மா, இப்போ தண்ணி ஜில்லுனு இருக்கும்னு. கண்ணு தெரியாதவங்களப் போயி திடீர்னு தொட்டா எப்படி இருக்கும் சொல்லு."

எனக்கு அப்போது வெட்கமாக இருந்தது, காரணம் தெரியவில்லை. இப்போது எழுதும்போது கொஞ்சம் தெரிகிறது. படுத்துவிட்டவர்களிடம் நாம் எதையும் கேட்பதில்லை. எப்போது குளிப்பது, எந்தப் புடவை, எந்தப் பக்கம் படுப்பது, எல்லாவற்றையும் நாமே முடிவு செய்கிறோம். அன்பாகத்தான் செய்கிறோம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த அம்மாவின் கையில் மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று. சாயங்காலம் கஞ்சி வந்ததும் அவர் கேட்பார்: "பொழுது இருக்கா, சிஸ்டர்?" இருக்கிறது என்றால் வாயைத் திறப்பார்.

4

ஜம்புகுமாரைப் பற்றி ஒரு தடுமாற்றம்.

முதலில் அவரைக் கெட்டவராக எழுதினேன். மண்டிக்காரர், காசுக் கணக்கு, அம்மா ஒரு பாரம் என்று ஒரு பக்கம் சுலபமாக வந்துவிட்டது. சுலபமாக வந்ததாலேயே சந்தேகப்பட்டேன். பஸ்ஸில் கேட்டதை மறுபடி நினைத்துப் பார்த்தால், அவர் மழையில் ஏணி மேல் நிற்கிறார். கெட்டவனுக்கு ஏணியில் என்ன வேலை? அந்தப் பக்கத்தைக் கிழித்துப்போட்டேன்.

அந்த ஏணி இதுதான். நாலு நாளாக அம்மாவுக்கு ஜுரம். கஞ்சி சரியாக இறங்கவில்லை. அன்று காலையில் வந்த டாக்டர் வாசலில் வைத்துச் சொல்லிவிட்டுப் போனார்: "இன்னிக்கு சாயங்காலமும் சாப்பிடலன்னா நாளைக்கு மூக்கு வழியா ட்யூப் போட்டுடலாம். வேற வழி இல்ல." அந்த அம்மா, புருஷன் கடைசி நாளில் ட்யூபோடு கிடந்ததைப் பார்த்தவர். எனக்கு அது மட்டும் வேண்டாம் என்று நல்லாயிருந்த காலத்திலேயே மகன் கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறார். ட்யூப் போட்டால் பொழுது பார்த்தா ஊற்றுவார்கள்?

ஆகவே அன்று சாயங்காலக் கஞ்சி உள்ளே போயாக வேண்டும். அன்றைக்கென்று நர்சிங் ஹோமில் ஒரு பிரசவ கேஸ். சவுரியம்மாளால் நகர முடியவில்லை. மழை வேறு. பொழுது சாய்ந்துவிட்டது.

(திண்டிவனம் தெரிந்த வாசகர் இங்கே என்னை மடக்குவார்: "பள்ளிவாசல் பாங்குச் சத்தம் கேட்டிருக்குமே, அந்த அம்மாவுக்குப் பொழுது போனது தெரிந்திருக்காதா?" நியாயம்தான். வீடு மண்டியை ஒட்டியது, மண்டிக்கு மேலே தகரக் கூரை, அன்றைக்கு அடித்த மழையில் தெருச் சத்தம் எதுவும் உள்ளே கேட்காது.)

ஜம்புகுமார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியைப் போட்டார். லாரி ஏற்றும் இடத்தில் எரிகிற பெரிய குண்டு பல்பைக் கழற்றி, நீள ஒயரில் இழுத்து வந்து, அம்மா அறையின் மேற்கு ஜன்னலுக்கு வெளியே, சன்ஷேடுக்குக் கீழே கட்டினார். மஞ்சள் காகிதம் ஒன்றையும் சுற்றினார். சாயங்கால வெயில் மஞ்சளாகத்தானே இருக்கும் என்று அவருக்கு அந்த அவசரத்திலும் தோன்றியிருக்கிறது. மழையும் வெயிலும் ஒன்றாகவா அடிக்கும் என்பது தோன்றவில்லை.

"இருட்டுல தடவிக்கினு வந்தவ நானு," என்றார் சவுரியம்மாள் பஸ்ஸில். "உள்ள போனா ஜன்னல்ல பளபளன்னு வெயிலுடி! ஒரு நிமிசம் எனக்கே பேஜாராப் போச்சு."

அறைக்கு வெளியே ஜம்புகுமார் அவரை மடக்கினார். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.

"சிஸ்டர், உங்க கால்ல வேணா விழறேன். பொழுது இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. நான் சொன்னா, சாப்பிட வெக்கறதுக்காகச் சொல்றேன்னு நம்ப மாட்டாங்க. நீங்க சொன்னா சாப்பிட்டுடுவாங்க."

5

முடிவு ஒன்று.

சவுரியம்மாள் கட்டில் ஓரம் உட்கார்ந்தார். "பொழுது இருக்கா, சிஸ்டர்?" "இருக்குதும்மா." அந்த அம்மா வாயைத் திறந்தார். ஒரு தம்ளர் கஞ்சியும் இறங்கியது. ட்யூபுக்குத் தேவையே இல்லாமல் போனது. எல்லோரும் நிம்மதியாக—

இதை எழுதி முடித்த அன்று எனக்குப் பரம சந்தோஷம். யாருக்கு என்ன நஷ்டம்? அந்த அம்மா பிழைத்தார், பாவம் என்று ஒன்று இருந்தால் அதை நர்ஸம்மா தன் தலையில் ஏற்றிக்கொண்டார். அருமையான கதை. மறுநாள் காலை பல் தேய்க்கும்போது எனக்கு ஒரு எண்ணம் வந்தது. நாளைக்குச் சாயங்காலமும் அந்த அம்மா கேட்பாரே. நாளை நிஜமாகவே பொழுது இருக்கும். சவுரியம்மாள் "இருக்குதும்மா" என்பார். நேற்றுச் சொன்ன அதே குரல், அதே வார்த்தை. அந்த அம்மாவுக்கு வித்தியாசம் தெரியாது, சவுரியம்மாளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவர் எந்த முகத்தோடு "அம்மா, இடது பக்கம் திருப்பப் போறேன்" என்று சொல்வார்?

கிழித்தேன்.

6

முடிவு இரண்டு.

சவுரியம்மாள் நிமிர்ந்து நின்றார். "ஜம்புகுமார் அவர்களே! நோயாளியின் நம்பிக்கையே செவிலியின் முதல் கடமை. உங்கள் தாயின் விரதத்தை மீற எனக்கு—"

(திண்டிவனத்தில் யாரும் இப்படிப் பேசமாட்டார்கள். இது நான் கரும்பலகையில் எழுதிப்போடுகிற தமிழ். அதோடு மழையில் நனைந்து நிற்கிற மனுஷனைப் பார்த்து இப்படிப் பேசுகிறவள், அரை ஸ்பூன் கஞ்சிக்காகத் தொண்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டாள்.)

இரண்டு முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் சவுரியம்மாள் தியாகி, மற்றதில் வீராங்கனை. ஜ்வாலாமாலினி அம்மாள் இரண்டிலும் வாயைத் திறக்கிறார் அல்லது மூடுகிறார், வேறு ஒன்றும் செய்யவில்லை. யாருடைய விரதமோ, ட்யூப் போகப்போவது யாருடைய மூக்கோ, அவரைப் பேசவே விடாமல் மூன்று வருடம் எழுதியிருக்கிறேன்.

7

ஆகவே இப்போது அவரைப் பேசவிடுகிறேன். பக்கவாதத்தில் அவர் பேச்சு குழறும். நான் சீராக்கி எழுதுகிறேன், அது மட்டும் என் கைவேலை.

சவுரியம்மாள் கையைத் துணியில் துடைத்துச் சூடாக்கிக்கொண்டு கட்டில் ஓரம் உட்கார்ந்தார்.

"அம்மா, சவுரி வந்துட்டேன். கையப் புடிக்கப் போறேன்."

"வந்துட்டியா." அந்த அம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். மஞ்சள் வெளிச்சம் கன்னத்தில் விழுந்தது. "பொழுது இருக்கா, சிஸ்டர்?"

வாசற்படியில் ஜம்புகுமார். அவருக்குப் பின்னால் கஞ்சித் தம்ளரோடு சாந்திமதி.

"இல்லம்மா. போயிட்டுது. பிரசவ கேஸு ஒண்ணு, என்னால ஜல்தியா வர முடியல. ஜன்னல்ல தெரியறது பல்பு. நீங்க சாப்பிடணுமேன்னு உங்க புள்ள மழையில நனைஞ்சிக்கினு கட்டியிருக்காரு."

அந்த அம்மா முகத்தை ஜன்னலிலிருந்து இந்தப் பக்கம் திருப்பினார்.

"எந்த பல்பு?"

"மண்டி பல்பும்மா. பெருசு."

"ஏன்டா ஜம்பு," என்றார் அந்த அம்மா. "ஈரக் கையோட கரண்டத் தொட்டியா? ஷாக்கு கீக்கு அடிச்சிருந்தா?"

ஜம்புகுமார் நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எழுதுகிற எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

"இன்னொண்ணும் சொல்லிடறேம்மா," என்றார் சவுரியம்மாள். "இன்னிக்கு கஞ்சி போகலன்னா நாளைக்கு மூக்குல ட்யூப் போடணும்ன்றாரு டாக்டரு. உங்களுக்கு வேணாம்னா வேணாம்னு அவருகிட்ட நான் பேசறேன். கேப்பாரா மாட்டாரான்னு எனக்குத் தெரியாது. நீங்க இப்போ சாப்பிட்டாலும் சரி, காலையில பொழுது கிளம்புனப்புறம் சாப்பிடறேன்னாலும் சரி. நான் வர்றேன்."

அந்த அம்மா இடது கையை நீட்டிக் காற்றில் தேடினார். ஜம்புகுமார் வந்து தன் கையைக் கொடுத்தார். அந்த அம்மா அதைத் தடவிப் பார்த்தார், இன்னும் ஈரமாக இருந்தது.

"இரு," என்றார். "யோசிக்கிறேன்."

8

மகனுக்காக விரதத்தை விட்டு வாயைத் திறந்தாரா, விடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிக்கொண்டாரா?

எனக்கு எழுத வரும். இரண்டு விதமாகவும் வரும், இரண்டிலும் உங்களை அழவைக்க முடியும். ஆனால் அந்த அம்மா இரு என்று சொல்லியிருக்கிறார். அந்த வீட்டில் ரொம்ப நாளைக்கப்புறம் எல்லோரும் அவர் சொல்லுக்காகக் காத்து நிற்கிறார்கள். நான் எப்படிப் பேனாவை நீட்டி அவர் வாயைத் திறப்பேன்? உங்களிடமும் இந்த முடிவைக் கொடுப்பதாக இல்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். முடிந்தால் நீங்களும் ஒரு ஓரமாக உட்காருங்கள், பிரம்பு மோடா இருக்கிறது.

கஞ்சி ஆறிக்கொண்டிருக்கிறது. ஆறட்டும், சூடு பண்ணித் தர சாந்திமதி இருக்கிறாள்.