டாலா கால்வாய்க்கரைச் சுற்று

நீலாம்பாளுக்குப் பிரான்ஸ் தேசத்தின் மேல் பித்துப் பிடித்து ஒரு வருடம் ஆகிறது. கோபுரமும் செண்ட்டும் அவளுக்கு வேண்டாம். அந்த ஊர்க் கிராமப்புறத்தில், கால்வாயோரச் சரளைப் பாதையில், ஏரி ஏரியாகச் சுற்றிக்கொண்டு நாள் முழுக்க சைக்கிள் ஓட்டுகிறார்களே, அந்த வீடியோக்கள்தான். கரண்ட் இருக்கும்போது போனுக்குச் சார்ஜ் ஏற்றிவிட்டு, கரண்ட் போனதும் உட்கார்ந்து பார்ப்பாள். ஒரு நாள் திடீரென்று, "இதென்ன பெரிய பிரான்சு, நம்ம டாலா மாதிரியில்ல இருக்கு!" என்று கத்தினாள். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவர் செல்வத்துக்குப் புரையேறிவிட்டது.

டாலா, யாங்கூன் நகரத்துக்கு எதிரே, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது. ஃபெர்ரியை விட்டு இறங்கி, சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்களின் கூச்சலைத் தாண்டிவிட்டால் வயல், கால்வாய், ஏரி, மறுபடியும் வயல். ஆனால் நீலாம்பாள் இருந்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. வாராவாரம் வடக்கே மிங்கலாடோனுக்குத் தார் ரோட்டில் போவார்கள், டீக்கடையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள், திரும்புவார்கள். எப்போதும் முன்னால் போகிறவன் தேவராஜ், செல்வத்தின் தம்பி. எப்போதும் கடைசியில் வருகிறவள் நீலாம்பாள். மற்றவர்களின் தண்ணீர் பாட்டிலும் காற்றடிக்கும் பம்ப்பும் அவள் பையில்தான் இருக்கும்.

அவள் சும்மா இருக்கவில்லை. விடுமுறை கிடைத்தபோதெல்லாம் தனியாக ஆற்றைத் தாண்டிப் போய், எந்தக் கரை எங்கே போகிறது, எந்த மூங்கில் பாலம் தாங்கும், எந்த ஏரியைச் சுற்றினால் ஃபெர்ரிக்குத் திரும்பலாம் என்று ஒரு முழுச் சுற்றைக் கண்டுபிடித்தாள். டீக்கடையில் வைத்து அதைச் சொன்னபோது தேவராஜ் சிரித்தான்.

"அண்ணி, அங்க பாதையில வாத்து குறுக்க வரும். இங்க எருமை வரும். வழி விடச் சொல்லி பிரெஞ்சுல கேப்பீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். இத்தனை வருடமும் இந்த மாதிரிப் பேச்சுக்கு அவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள். அன்று அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது.

குழுவை நடத்துகிற நசீர் சைக்கிள் சாமான் கடைக்காரர், நியாயஸ்தர். "சரி மா நீலா, ஒரு தடவ கூட்டிட்டுப் போங்க. போன அத்தன பேரையும் அன்னிக்கே கடைசி ஃபெர்ரியில திருப்பிக் கொண்டாந்துட்டா வருஷா வருஷம் போற பெரிய சவாரி இந்தத் தடவ உங்க வழியில. ஒரு ஆள் கொறஞ்சாலும் மிங்கலாடோன்தான்" என்றார். பெண்களைப் பெயருக்கு முன் "மா" போட்டு மரியாதையாக அழைப்பது பர்மிய வழக்கம். நான் வருகிறேன் என்று முதலில் கையைத் தூக்கியவன் தேவராஜ். எதற்கு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பங்குனிப் பௌர்ணமிக்கு ஆபீஸெல்லாம் லீவு என்று அந்த நாளைக் குறித்தாள். அதில் இரண்டு தப்பு செய்துவிட்டாள்.

முதல் தப்பு, அம்மன் கோயில் தீமிதியை மறந்தது. மாமியார் சொர்ணம்மாளுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் பூ மிதிப்பதாக நீலாம்பாள்தான் வேண்டிக்கொண்டிருந்தாள். காப்புக் கட்டு பௌர்ணமிக்கு முந்தின நாளே வந்துவிட்டது. மணிக்கட்டில் மஞ்சள் கயிறு ஏறிய பிறகு பகலில் இளநீர் மட்டும்தான், பொழுது சாய்ந்து குளித்த பிறகே சோறு. ஊரை விட்டு வெளியே இராத் தங்கினால் காப்பு செல்லாது, தீயில் இறங்க முடியாது.

"போயிட்டு வா. ஆனா வெளக்கு வைக்கிறதுக்குள்ள வீட்டுல இருக்கணும் தாயி" என்றார் சொர்ணம்மாள்.

இரண்டாவது தப்பு முதல் கிராமத்திலேயே தெரிந்தது. பௌர்ணமி என்றால் பர்மியக் கிராமங்களில் தெருவுக்குத் தெரு அன்னதானப் பந்தல். ஒலிபெருக்கி அலற, போகிற வருகிறவர்களை மறித்து உட்காரவைத்துச் சாப்பாடு போடுவார்கள். வேண்டாம் என்றால் அவர்கள் புண்ணியத்தில் மண்ணைப் போட்டது போல. வெறும் கையோடு போகிறவனையே விட மாட்டார்கள், பளபளக்கும் சைக்கிளில் ஆறு பேர் வந்தால் விடுவார்களா? ஹேண்டிலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

நீலாம்பாள் மஞ்சள் கயிற்றைக் காட்டி விரதம் என்றாள். அந்தப் பெண்கள் உடனே கும்பிட்டு, ஓர் இளநீரைச் சீவிக் கொடுத்தார்கள். பௌர்ணமி விரதம் அவர்களுக்கும் தெரிந்த சங்கதிதான். மற்ற ஐவருக்கு அந்தச் சாக்கு இல்லை. முதல் பந்தலில் மொய்ங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ், அடுத்ததில் தேங்காய்ப்பால் நூடுல்ஸ், அதற்கடுத்து ஜவ்வரிசி மிதக்கும் ஐஸ் பானம். நாலு பேர் நாசூக்காகக் கொறித்துவிட்டு எழுந்தார்கள். தேவராஜுக்கு எழுந்திருக்கும் எண்ணமே இல்லை. ஒவ்வொரு பந்தலிலும் இரண்டாவது கிண்ணம் கேட்டான். இப்படியே பொழுது போனால் ஃபெர்ரி போய்விடும் என்று அவன் போட்ட கணக்கு நீலாம்பாளுக்குப் புரியாமல் இல்லை.

ஆனாலும் அவள் வழி அவளைக் கைவிடவில்லை. பந்தல்களைத் தாண்டியதும் கால்வாய்க்கரை நேராக ஓடியது. செம்மண்ணும் சரளையும் டயருக்கடியில் கறகறவென்று சத்தம் போட, ஏரித் தண்ணீரில் கொக்குகள் எழுந்து பறக்க, தார் ரோட்டைத் தவிர வேறெதையும் அறியாத நாலு பேரும் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி கூவினார்கள். எருமையும் வந்தது. நீலாம்பாள் பர்மியத்தில் இரண்டு அதட்டுப் போட்டாள், அது மரியாதையாக ஒதுங்கிக்கொண்டது.

கடைசி ஏரியைத் தாண்டியதும் கரையை வெட்டி வயலுக்குத் தண்ணீர் விட்டிருந்தார்கள். போன வாரம் இல்லாத வெட்டு. நீலாம்பாள் ஒரு நிமிஷம் பார்த்தாள், சைக்கிளைத் தோளில் தூக்கினாள், இடுப்பளவுச் சேற்றுத் தண்ணீரில் இறங்கிவிட்டாள். நாலு பேரும் பின்னாலேயே இறங்கினார்கள். அக்கரை ஏறித் திரும்பிப் பார்த்தால், தேவராஜ் அந்தப் பக்கக் கரையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, வயிற்றைத் தடவியபடி கால் நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"என்னால ஆகாது அண்ணி. நீங்க போங்க. நான் ராத்திரி இங்க யார் வீட்டுலயாவது படுத்துட்டு காலைல வரேன்."

வெயில் சாய ஆரம்பித்திருந்தது. ஒரு ஆள் குறைந்தால் எல்லாம் போச்சு. ஒரு வருடமாக நினைத்து நினைத்து உருவாக்கியதை இவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே அழிக்கப் பார்க்கிறான். நீலாம்பாள் கெஞ்சலாமா என்று பார்த்தாள், மனசு ஒப்பவில்லை. சைக்கிளைக் கீழே வைத்தாள். மற்ற நாலு பேரையும், "நீங்க ஃபெர்ரிக்குப் போங்க, நிக்காதீங்க" என்று அனுப்பினாள். பிறகு மறுபடியும் சேற்றில் இறங்கி, நடந்து வந்து, தேவராஜுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன அண்ணி?"

"கூட்டிட்டு வந்தவ நான். உங்கள விட்டுட்டுப் போக முடியுமா? நானும் இங்கயே தங்கிக்கிறேன்." மஞ்சள் கயிறு தெரிய முழங்காலில் கையை வைத்துக்கொண்டாள். "அத்தைக்காகக் கட்டின காப்பு. எங்க தங்கினோம், ஏன் தங்கினோம்னு நாளைக்கு அத்தைகிட்ட நீங்களே சொல்லிடுங்க தம்பி."

தேவராஜ் அவள் முகத்தைப் பார்த்தான். கயிற்றைப் பார்த்தான். விளையாட்டுக்குச் சொல்கிறாளா என்று இன்னொரு தடவை பார்த்தான். அவள் காலை வசதியாக மடக்கி, முந்தானை மாதிரி துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, ஏரியை ரசிக்க ஆரம்பித்தாள். அவன் அசையாவிட்டால் தன் வேண்டுதலும் போகும், வழியும் போகும். ஆனாலும் அவள் திரும்பவில்லை. ஊரில் யாருக்கும் பயப்படாத தேவராஜுக்கு அம்மா என்றால் மட்டும் குலை நடுங்கும் என்பது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும்.

"ஐயோ, எந்திரிங்க அண்ணி! எந்திரிங்கன்றேன்!"

சைக்கிளைத் தூக்கிக்கொண்டு அவன் தண்ணீரில் பாய்ந்த வேகத்தில் பாதிச் சேறு நீலாம்பாள் மேல். அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஓட்டினார்கள் பாருங்கள்! ஒரு வாய் சோறு இறங்காத நீலாம்பாள் முன்னால், மூன்று பந்தலையும் வயிற்றில் சுமந்த தேவராஜ் முனகிக்கொண்டே பின்னால். மூங்கில் பாலம் தடதடத்தது. ரிக்‌ஷாக்காரர்கள் விசிலடித்தார்கள். ஃபெர்ரியின் பலகையை எடுக்கப் போன ஆளை மற்ற நாலு பேரும் பேச்சுக்கொடுத்து நிறுத்திவைத்திருந்தார்கள். இரண்டு சைக்கிளும் உள்ளே ஏறின, சங்கு ஊதியது.

தலை முதல் கால் வரை சேறாக நின்றவர்களைப் பார்த்து, காடை முட்டை விற்கிற பெண் எங்கே போய் இப்படி உருண்டீர்கள் என்று கேட்டாள். நீலாம்பாள் வாயைத் திறக்கும் முன் தேவராஜ் பதில் சொன்னான், மூச்சு வாங்கிக்கொண்டு, பர்மியத்தில், தளம் முழுக்கக் கேட்கும்படி. "எங்க அண்ணி கண்டுபிடிச்ச வழி. இந்த ஊருல இதுமாதிரி ஒரு வழியில நான் ஓட்டுனதே இல்ல."

சொல்லிவிட்டு அவன் கம்பியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். தோற்றவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நீலாம்பாள் பார்த்ததில்லை.

யாங்கூன் கரை நெருங்கியது. படித்துறையில் நசீர் நின்றிருந்தார், நோன்பு திறக்க ஒரு பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு. ஃபெர்ரி கரை தட்டுவதற்குள் அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"மா நீலா! எல்லாரும் இருக்காங்களா?"

நீலாம்பாள் சைக்கிளைப் பிடித்தபடி எழுந்து நின்றாள். பசி கண்ணைக் கட்டியது, ஆனாலும் ஒரு கையை உயர்த்தி ஆட்டினாள். இவ்வளவு சத்தமாகப் பேச முடியும் என்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

"எல்லாரும் இருக்கோம், நசீர் பாய்! எல்லாரையும் கொண்டாந்துட்டேன்!"