சம்மனசின் உதடு

மாதா கோவில் பீடத்துக்கு மேலே சுவரில் வரைந்திருந்த தேவதூதச் சம்மனசின் மேலுதடு ஞாயிற்றுக்கிழமைதோறும், பூசையின் முதல் பாட்டு முடிவதற்குள் பிளந்துகொண்டது. மற்ற ஆறு நாளும் சும்மா இருந்தது. திங்கட்கிழமை ஓவியர் சாரம் ஏறி, பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, ரோஜா நிறம் பூசிவிட்டு இறங்குவார். அடுத்த ஞாயிறு அந்தப் பட்டி பொடிந்து பீடத் துணிமேல் உதிரும். பதினான்கு மாதம் இதே கதை. கொத்தனார் கூரையைத் தட்டிப் பார்த்து, ஒழுகல் இல்லை என்று கைவிரித்தார். ஆர்மோனியச் சத்தத்தில்தான் சுவர் அதிர்கிறது என்று யாரோ கொளுத்திப்போட, ஆர்மோனியத்துக்கு இரண்டு வாரம் வாய்ப்பூட்டு. அப்போதும் பிளந்தது.

அந்த முகம் ஓவியருடைய மகளின் முகம். உதடு பிளந்தே பிறந்தவள். மூக்கால் பேசுவாள், மூக்கால் பாடுவாள், வாய் ஓயாது. முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு முன்னால் உதட்டைத் தைத்துவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவர் ஓவியர்தான். "நல்லாத்தானே இருக்கா, விடுங்களேன்" என்றாள் மனைவி. மயக்க மருந்து கொடுத்த பிறகு குழந்தை கண் விழிக்கவே இல்லை. ஏழு வயது. அடக்கத்துக்குப் பின் மனைவி கோவில் வாசலை மிதிக்கவில்லை, கணவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போடுவாள், தட்டை எடுப்பாள், அவ்வளவுதான். அவளை எப்படியாவது உள்ளே வரவைக்கத்தான் அவர் மகளைச் சம்மனசாக வரைந்தார். ஒரு குறையும் இல்லாமல் வரைந்ததுதான் அவர் செய்த தப்பு.

பீடத் துணி துவைப்பவள் சொல்லித்தான் மனைவிக்கு விஷயம் தெரிந்தது. ஒரு திங்கட்கிழமை காலை, ஈரக் கையைக்கூடத் துடைக்காமல் வந்து சாரத்துக்குக் கீழே நின்றாள். மேலே ஓவியர் கரண்டியில் பட்டியோடு நின்றார். பிளவுக்குள்ளே சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிந்தது, முன்பு பல் தெரிந்த இடத்தில்.

"எம்பொண்ணு" என்றாள். பிறகு, "அவ உதட்ட இன்னொரு தடவ தைக்காதீங்க."

இரண்டு வருடத்தில் அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது. அவர் சாரத்திலேயே உட்கார்ந்து அழுதார். அவர் இறங்கி வரும்வரை அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பங்குச் சாமியார் பட்டி வாளியை வெளியே வைக்கச் சொன்னார். அந்தச் சம்மனசின் முகத்தைவிட அழகான முகத்தை அந்தக் கோவில் கண்டதில்லை. பிளவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அடுத்த ஞாயிறிலிருந்து, பாட்டின் நடுவே மேலேயிருந்து ஒரு சின்னக் குரல் மூக்கால் சேர்ந்து பாடியது. மனைவி முன்வரிசையில் உட்கார்ந்து, கண்ணீரைத் துடைக்காமல் கூடவே பாடினாள். சுருதி சேரவில்லை என்று பாட்டு வாத்தியார் ஒரு வாரம் முணுமுணுத்தார். பிறகு, குழந்தைக்கு எட்டும்படி எல்லாப் பாட்டையும் அரைக்கட்டை கூட்டிக்கொண்டார்.