இரண்டாம் கறவை

செவலை மாட்டை விற்பதென்று முடிவாகிவிட்டது. வடசேரி வியாபாரி வெள்ளிக்கிழமை வந்து கயிற்றைக் கையில் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போயிருந்தான். அன்றிலிருந்து தொழுவத்துப் பக்கம் போனால் செல்லத்தாய் செவலையின் கழுத்தைத் தடவாமல் திரும்பவில்லை.

"ஏட்டி, மாடு போவுதுன்னு நினையாத. மிஷின் வருதுன்னு நினை," என்றான் புருஷன் தாணுலிங்கம்.

"உம்ம மிஷின் சாணி போடுமா? அது சினை மாடு, கேட்டீளா. ரெண்டு உசிரை வித்து ஒரு இரும்பை வாங்கப் போறீரு."

தாணுலிங்கம் நாகர்கோவிலில் ஒரு பஸ் கம்பெனியில் வெல்டிங் படித்தவன். பூதப்பாண்டியில் தன் வீட்டுப் பின்புறமே பட்டறை போட வேண்டும் என்று ஆசை. கம்பெனிக்காரர்களுக்கும் அவன்மேல் பிரியம். உடைந்த மட்கார்டு எல்லாம் உனக்கே அனுப்புகிறோம், ஆக்சிஜன் உருளையும் நாங்களே தருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அவன் வாங்க வேண்டியது காஸ் பானை ஒன்றுதான். கார்பைடு கல்லில் தண்ணீர் பட்டால் காஸ் பொங்கும். அது கவிழ்த்த மூடிக்குள் நிறைந்து, ரப்பர்க் குழாய் வழியே ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்தால் இரும்பு மெழுகாய் உருகும்.

நாகர்கோவில் மணிமேடைக்குப் பக்கத்துக் கடையில் ஒரு புதுப் பானையைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவனுக்கு வேறு பேச்சே இல்லை.

"செவப்புப் பெயிண்டுடி! பித்தளைக் குழாய்! மூடி இந்தா, நம்ம நெல்லுக் குதிர் கணக்கா இருக்கு!"

"பொண்ணு பாத்துட்டு வந்தவன் மாதிரியில்லா பேசுதீரு. செரி, நானும் வாறேன்."

"நீ வந்து என்னத்தைப் பாப்ப?"

"மாட்டை வித்து வாங்குத சாமான். மாடு பாக்கது மாதிரி பாப்பேன்."

செல்லத்தாயின் அப்பா ஆரல்வாய்மொழியில் மாட்டுத் தரகு பார்த்தவர். மாட்டுச் சந்தைச் சாணியை மிதித்து வளர்ந்தவள் அவள். கிளம்பும்போது செவலையின் அறுந்த கழுத்துச் சங்கிலியை மடியில் கட்டிக்கொண்டாள்.

கடைக்காரர் சகாயம் இருவரையும் கண்டதும் எழுந்து நின்றார்.

"வாங்க அண்ணாச்சி! மயினியும் வந்தாச்சா? இருங்க, இருங்க."

"இருக்க வரல்ல. கறந்து பாக்க வந்தேன்," என்று சங்கிலியை மேசைமேல் போட்டாள் செல்லத்தாய். "இதை ஒட்டிக் காட்டச் சொல்லும்."

சகாயம் சிரித்துக்கொண்டே ஆளைக் கூப்பிட்டுப் பானையை முன்னால் நகர்த்தச் சொன்னார். பானையின் மூடி முன்பே காஸ் நிறைந்து உப்பி நின்றது. தாணுலிங்கம் கொளுத்தினான். நீலமாய்க் கூர் சீவின மாதிரி ஒரு தீ. அறுந்த வளையம் கண்மூடித் திறப்பதற்குள் ஒட்டிக்கொண்டது.

"எப்படி?" என்றான் மனைவியைப் பார்த்து, மீசையெல்லாம் வேர்வையாக.

"கொள்ளாம், நல்லாத்தான் ஒட்டுது. இப்ப ரெண்டாம் கறவை."

"அதென்ன மயினி?" என்றார் சகாயம்.

"சந்தைக்கு வாற மாட்டைக் காலைல கறக்காம ஓட்டிட்டு வருவானுவ. மடி கலயம் மாதிரி இருக்கும். வாங்கிட்டுப் போனவன் மறுநாள் உக்காந்தா காப்பிக்குக்கூட காணாது. முதல் கறவை விக்கவனுக்க மிடுக்கு. ரெண்டாம் கறவைதான் மாட்டுக்க மிடுக்கு. ம்... அடுத்த வளையத்தை அறுத்து ஒட்டச் சொல்லும்."

அடுத்த வளையத்தை அறுத்தார்கள். தீ பாதி வேலையில் மஞ்சளாயிற்று. பிறகு கரிப்புகை கக்கிற்று. தாணுலிங்கத்தின் மீசை முனையில் கரி பூத்தது. உப்பி நின்ற மூடி, பட்டினி கிடந்த வயிறு போல இறங்கிப்போய்க் கிடந்தது.

"கொஞ்சம் பொறுக்கணும்," என்றார் சகாயம். "காஸ் ஊறி வரட்டும்."

"ஊறணுமா? அப்போ அது மாடு இல்ல, கோடைக்காலத்துக் கிணறு."

தாணுலிங்கம் பானையைத் திறந்து பார்த்தான். மூடி அத்தனை பெரிசு. கல் போடுகிற தட்டு உள்ளங்கை அகலம். மடி பெரிசு, பால் இல்லை. அவன் முகத்தைப் பார்க்கச் செல்லத்தாய்க்கே பாவமாக இருந்தது. அழுதுவிடுவான் போலிருந்தது.

"இது சின்ன வேலைக்குள்ளது அண்ணாச்சி. பெரிசு வேணும்னா இருக்கு, ஆனா விலை..." என்று சகாயம் இழுத்தார். அந்த விலைக்குச் செவலையோடு வீட்டுக் கூரையும் போக வேண்டும். பிறகு அவராகவே சொன்னார்: "தடிக்காரன்கோணம் போய்ப் பாருங்க. எஸ்டேட்டுல டிரைவர் ஜெபசீலன்கிட்ட பழைய பானை ஒண்ணு உண்டு. பாக்கத்தான் சகிக்காது."

சகிக்கத்தான் இல்லை. எஸ்டேட் பட்டறை மூலையில் நசுங்கிய அண்டா போல, கருகருவென்று, மேலே கோழிப்பீயோடு நின்றது.

"இதையா?" என்றான் தாணுலிங்கம். "ஊரு சிரிக்கும்டி!"

"ஊரா கறக்கப் போவுது? நீரு கொளுத்தும்."

"மக்ளே, கொஞ்சம் தள்ளி நில்லு," என்றார் கிழவர் ஜெபசீலன். "முதல்ல ஒண்ணு உதைக்கும்."

டப்! வெடித்த வெடியில் கூரைமேலிருந்த காக்கை அத்தனையும் பறந்தன. தாணுலிங்கம் ஒரே தாவில் வாசலுக்கு வந்துவிட்டான். செல்லத்தாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நல்ல மாடுதான்! புது ஆளுன்னு தெரிஞ்சி உதைக்கு!"

உதைத்தபின் தீ நின்றது. நீலம் மாறாமல் நின்றது. ஒரு வளையம் ஒட்டியது, இன்னொன்று ஒட்டியது, அதற்கடுத்ததும் ஒட்டியது. இரண்டாம் தரம் கல் போட்டும் அப்படியே எரிந்தது. உள்ளே தட்டு சோற்றுக் கொப்பரை அகலம். தாணுலிங்கத்துக்கு நிறுத்த மனசில்லை. சங்கிலி தீர்ந்ததும், "வேற உடைஞ்சது என்ன கெடக்கு?" என்று பட்டறையைத் துழாவினான்.

"போதும் வேய்! மடி வலிக்கும்!" என்று அவள் கத்த வேண்டியதாயிற்று.

"விலை சொல்லும் பாட்டா," என்று ஜெபசீலனிடம் திரும்பினாள்.

அவர் சங்கிலியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது எந்த மாட்டுக்குள்ளது?"

"செவலை. சினையாட்டு நிக்கி."

"எனக்குச் சக்கரம், பணம் ஒண்ணும் வேண்டாம் மக்ளே. வீட்டுல கண்ணுக்குட்டி வேணும்னு எங்க கெழவி நச்சரிக்கா. பால்குடி மறந்ததும் செவலைக்க கண்ணுக்குட்டியைத் தந்திரு."

"காளைக் கண்ணானா?"

"அது உனக்க அதிர்ஷ்டம் இல்ல, எனக்க அதிர்ஷ்டம். தா கையை."

செல்லத்தாய் ஒருகணம் யோசித்தாள். கன்று போகும், தாய் நிற்கும், பாலும் கிடைக்கும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள்.

வெள்ளிக்கிழமை வந்த வடசேரி வியாபாரிக்கு மோர் மட்டும்தான் கிடைத்தது. தொழுவம் பட்டறையாகி, அதில் கரும்பானை ஏறிற்று. செவலை பலா மரத்தடிக்கு மாறிற்று. ஒட்டுப்போட்ட சங்கிலி கழுத்தில் கலகலத்தது. கார்பைடு நாற்றத்துக்கு மூக்கைச் சுளித்து, இரண்டு நாள் வைக்கோலை முகர்ந்து முகர்ந்து பார்த்தது; பிறகு பசி ஜெயித்தது.

முதல் மட்கார்டு வந்த அன்று காலையில், சினையானாலும் இன்னும் பால் வற்றாத செவலையைச் செல்லத்தாய் கறந்துகொண்டிருந்தாள். பட்டறையில் டப்பென்று ஒரு வெடி. செவலை காலை வீசியது. செம்பு உருண்டது.

"ஏட்டி, என்ன சத்தம்?" என்று உள்ளேயிருந்து தாணுலிங்கம்.

பாலில் நனைந்த சேலையைப் பிழிந்தபடி அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல! உம்ம மாடு உதைச்சுது, எனக்க மாடு பதில் சொல்லிச்சு. நீரு நிறுத்தாதேயும், கறந்துகிட்டே இரும்!"