கழிவறைக் கதவில் ஒட்டிய தாள்

என் கணவர் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதுபவர். இருபது வருடத்தில் ஒரு யூனிட்டைக்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை. சொந்த அண்ணன் கெஞ்சியும் மசியாத மனிதர். அப்பேர்ப்பட்டவர்தான் ஆஸ்பத்திரிக் கழிவறைக் கதவில் ஒட்டிய தாளில் பொய்க்கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

பெருங்குடல் முழுக்கப் புண். மாத்திரையும் கேட்கவில்லை, ஊசியும் கேட்கவில்லை. கடைசியாக நரம்பு வழியே ஸ்டீராய்டு ஏற்றினார்கள்.

"மூணு நாள் பார்ப்போம். ரத்தத்தோட போறது குறையலைன்னா பெருங்குடலை எடுத்துடணும். மலம் வந்து சேர வயித்துக்கு வெளியே ஒரு பை மாட்டணும்" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஒவ்வொரு முறை போய்வந்ததும் தாளில் ஒரு கோடு போட வேண்டும்.

மூன்றாம் நாள் ஐந்து கோடுகள் இருந்தன. நான் எண்ணியது பன்னிரண்டு. கதவுக்கு வெளியே நாற்காலியில் கிடந்தவள் நான்தானே, தண்ணீர்ச் சத்தம் கேட்காமலா இருக்கும்? முந்தின நாளும் இதே கதைதான். அப்போதே சொல்லியிருக்கலாம். பை என்றதும் எனக்கும் பயம்தான். அலுப்பு வேறு. அவர் பொய்யை நம்பிவிடுவது சுலபமாக இருந்தது.

டாக்டரம்மா தாளையும் ரத்தப் பரிசோதனை முடிவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அஞ்சுதானா? ரத்தம் வேற மாதிரி சொல்லுதே. தள்ளிப்போட்டா குடல் ஓட்டையாயிடும். உயிருக்கே ஆபத்து."

"அஞ்சுதான்" என்றார் இவர், ஜன்னலைப் பார்த்தபடி.

"பன்னெண்டு" என்றேன்.

டாக்டரம்மா போனதும் இவர் என்னை முறைத்தார். "காட்டிக் கொடுத்துட்டியே."

"மீட்டரை நிறுத்தி வெச்சவனை நீங்க சும்மா விடுவீங்களா?"

"பையைக் கட்டிக்கிட்டு எப்படி வீடு வீடாப் போவேன்?"

"இப்ப மட்டும் போறீங்களாக்கும்! ஆறு மாசமா நம்ம வீட்டு வாசலைத் தாண்டலை."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கோபமும் அழுகையும் எனக்குச் சேர்ந்தே வந்தன.

அரை மணி நேரத்தில் எழுந்தார். கைகொடுக்கப் போனேன், உதறிவிட்டார். மருந்து தொங்கும் கம்பியைத் தள்ளிக்கொண்டு தானே உள்ளே போனார். வெகு நேரம் கழித்துத் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை.

"இருக்கியா?"

"இங்கதான் இருக்கேன்."

"எட்டுக் கோடு போடு. விட்டுப்போனது ஏழு, இப்ப ஒண்ணு."