ஏற்றி வைத்த ஓசை

வலக்கன்னத்துக்கும் ஹெட்போனின் மெத்தைக்கும் நடுவே விழுந்திருந்த இடைவெளியில் அவள் மடித்த துணியைச் செருகிக்கொண்டிருந்தாள். ஒரே மாதத்தில் அப்பாவின் முகம் வற்றிவிட்டிருந்தது. தாடையெலும்பு துருத்திக் கன்னம் குழிந்ததில், தோல் மெத்தை படிவதற்கு இடமில்லை. மெத்தை படியாவிட்டால் அடித்தொனி ஒழுகிப்போகும். பாட்டு காலூன்ற மண்ணின்றி அந்தரத்தில் தொங்கும். இதையெல்லாம் அவளுக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான்.

“இன்னும் கொஞ்சம் மேல. காது மடங்குது.”

“வலிக்குதாப்பா?”

“வலி கெடக்கட்டும். படிஞ்சுதா பாரு.”

இன்றோ நாளையோ என்று காலையில் வந்த மருத்துவர் பையை மூடியபடியே சொல்லிச் சென்றிருந்தார். இப்போது மணி மூன்று. அரைமணி நேரமாகச் சூடேறிய ஆம்ப்ளிஃபயரில் நான்கு வால்வுகளும் சிறுவிளக்குகளாய்ச் செம்மை பூண்டிருந்தன. சன்னல்கள் சாத்தப்பட்டிருந்தன. மின்விசிறி நின்றிருந்தது. முதுகு திறந்த வகை ஹெட்போன் அது. அதன் கம்பிவலை வழியே பாட்டு வெளியே கசியும், வெளியோசை உள்ளே நுழையும். ஆகவே மூன்று மணி முதல் ஐந்து மணி வரை அந்த வீடு மூச்சையடக்கி வாழப் பழகியிருந்தது. அந்த வீடு என்றால் அவள்தான். அம்மா போன பிறகு வேறு யாருமில்லை.

இரண்டு மணிக்கே விட்டுவிடும் பள்ளியில் வேதியியல் கற்பிக்கிறவள். வேறோர் ஊரில் தலைமையாசிரியை இடம் தேடி வந்தபோது மறுத்துவிட்டாள். காரணம் கேட்டவர்களிடம் அப்பாவின் உடம்பு என்றாள். உண்மையில் அது அப்பாவின் காது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் அவர் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, “மணி எங்க போச்சு?” என்று கேட்டார். அவர் எந்தக் கருவியையும் ஒரே பாட்டால்தான் சோதிப்பார். ஒரு பெண்குரல், ஒரு வயலின், கீழே தாளம். ஒவ்வொரு கண்ணி முடிவிலும் கடுகு தெறித்தாற்போல் ஒரு சிறுமணி ஒலித்து ஓயும். அந்த மணி அவருக்குக் கேட்கவில்லை. காது மருத்துவர் தந்த தாளில் கோடு உச்ச சுருதிகளுக்கான வலப்புறம் போகப் போக மலைச்சரிவாய் இறங்கிக் கிடந்தது. அவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. “கோடு போடத் தெரிஞ்சவனெல்லாம் டாக்டரா?” என்றார். வெள்ளிக் கம்பி கேபிள் ஒன்றை வரவழைத்தார். அதிலும் மணி வரவில்லை. பிறகு இரண்டு வாரம் சவரம் செய்யவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வந்தார், சாப்பிட்டார், போனார்.

பதினைந்தாம் நாள் அவள், பாட்டு ஓடும் கணினியில், அந்த வீட்டில் தீண்டத்தகாததென விலக்கப்பட்டிருந்த ஈக்வலைசர் பக்கத்தைத் திறந்தாள். திரையில் ஒவ்வொரு சுருதிப் பகுதியையும் தனித்தனியே ஏற்றி இறக்கும் பத்து ஸ்லைடர்கள். மருத்துவரின் தாளைத் தலைகீழாகப் பிடித்து, கோடு எங்கெல்லாம் இறங்கியிருந்ததோ அங்கெல்லாம் ஓசையை ஏற்றினாள்.

மறுநாள் மூன்றரைக்கு உள்ளிருந்து கூவல். “மணி வந்துடுச்சும்மா! ஓட ஓடக் கேபிள் பழகிடுச்சு!”

‘செவியின் திரை விலகியது’ என்று இசைக்கருவி ஆர்வலர்களின் இதழில் அந்தக் கேபிளைப் பற்றி நான்கு பக்கம் எழுதினார். அவர் சொல்லை நம்பிச் சிலர் அதை வாங்கவும் செய்தார்கள். கோடு மேலும் சரிந்தது. சில மாதங்களுக்கு ஒருமுறை அவள் இன்னொரு படி ஏற்றினாள். பாட்டு தொடங்கும்முன் கணினி முன்னே அவள் இருந்தாக வேண்டும். அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஏற்றவோ இறக்கவோ வேண்டும். மாலை நான்கு மணி எப்படியிருக்கும் என்று தெருவில் பார்த்து அவளுக்கு மூன்று வருடமாகிவிட்டது.

கட்டிலின் மறுபக்கம் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவர். அப்பாவின் வாயில் அவர் பெயர் ‘மைக்செட்’. பதினொரு வருடத்துக்கு முன் இதே அறையில், “கொஞ்சம் ஏத்தி இறக்கி வெச்சுக் கேளேன் அண்ணே, எல்லா ரூமும் ஒண்ணா, எல்லாக் காதும் ஒண்ணா?” என்று அவர் சொன்னதும், “பாடினவங்க வெச்சதுக்கு மேல ஏத்த நீ யாருடா?” என்று அப்பா எழுந்தார். அதோடு இருவர் பேச்சும் நின்றது. இன்று நண்பகலில் அவள் தகவல் சொல்லி வந்திருந்தார்.

“மைக்செட்டு,” என்றார் அப்பா, ஹெட்போனைத் தாமே கழற்ற முயன்றபடி. “இத மாட்டிப் பாரு. நடுவுல ஒண்ணும் கெடையாது. பாடினது, கம்பி, காது. அவ்வளவுதான்.”

அவள் கை கணினியின் பக்கம் போனது. அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

சித்தப்பா மாட்டிக்கொண்டார். பாட்டு தொடங்கி இரண்டு விநாடியில் அவர் தோள் குறுகியது.

“அண்ணே, கூசுது. தகரத்துல ஆணியால இழுக்கற மாதிரி இருக்கு.”

அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரமாயிற்று. “முப்பது வருஷம் பெட்டி பக்கத்துல நின்னவனுக்குக் காதா இருக்கும்? கம்மல் மாட்டற ஆணிதான் இருக்கும். அதுக்குப் பேரு கூச்சம் இல்லடா, தெளிவு. நீ சொல்லும்மா. மாட்டிப் பாத்துட்டு யாரு சொல்றது சரின்னு சொல்லு.”

இந்த ஓசையை அவள் ஒருநாளும் மாட்டிக் கேட்டதில்லை. அவர் முகத்தில் பார்த்ததோடு சரி. இப்போது கேட்டாள். அந்தப் பெண்குரலின் ஒவ்வொரு மூச்சும் அரமாய் அராவியது. மணி ஒலித்தபோது பல்வரை இறங்கியது.

கழற்றினாள். சித்தப்பா அவளைப் பார்த்தார், பிறகு திரையை. ஒலி விற்றுப் பிழைத்த மனிதர். எந்தப் படி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அறிய அவருக்குத் திரை தேவைப்பட்டிருக்காது.

“அப்பா சொல்றதுதான் சரி, சித்தப்பா.”



“அப்ப என் காதுதான் போச்சு,” என்றார் சித்தப்பா. “நீ ஜெயிச்ச அண்ணே.”

“பதினோரு வருஷம் ஆச்சு ஒத்துக்க,” என்று அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

நாலரை மணிவாக்கில் மூச்சு இடைவெளிவிட்டு வரத் தொடங்கியது. பாட்டு மூன்றாம் முறையாக ஓடிக்கொண்டிருந்தது. “மணி,” என்றார். அவள் ஏற்றினாள். “மணி எங்கம்மா?” இன்னொரு படி ஏற்றினாள். கடைசி மூன்று ஸ்லைடர்களும் உச்சியில் முட்டி நின்றன. இனி ஏறுவதற்குப் படியில்லை. அப்பாவின் புருவம் நெரிந்தது. போர்வையின்மேல் விரல்கள் எதையோ துழாவின. அவள் ஸ்லைடரை அழுத்தியபடியே இருந்தாள், அழுத்தினால் திரை உடைந்து வழிவிடும் என்பதுபோல.

சித்தப்பா நாற்காலியை ஓசையெழாமல் தூக்கி அவளருகே போட்டார்.

“மேல இடமில்லன்னா கீழ இருக்கறத இறக்கு, கண்ணு,” என்றார் காதோடு. “தாளத்த எடு. மொத்தமா எடு. இப்ப குரலுல பாதி. மெதுவா, மெதுவா. அவருக்குத் தெரியக்கூடாது. இப்ப மொத்த வால்யூமக் கொஞ்சம் கூட்டு.”

பாட்டின் உடல் கரைந்தது. கம்பிவலை வழியே கசிந்த ஓசையில் தாளம் அவிந்தது, குரல் இழையாய்த் தேய்ந்தது. மிஞ்சிய வெளியில் மணி ஒருமுறை விழுந்தது.

நெரிந்த புருவம் அவிழ்ந்தது. “ஆங்,” என்றார் அப்பா. “கேபிள்னா இது கேபிள்.”

அடுத்த கண்ணி முடிந்தது. அதற்கடுத்ததும். மூச்சு எந்தக் கண்ணியில் நின்றது என்று இருவருக்குமே தெரியவில்லை. பாட்டு முழுதும் முடிந்த பிறகே சித்தப்பா எழுந்து, செருகிய துணியை உருவி, ஹெட்போனைக் கழற்றினார். காதுகளைச் சுற்றி இரண்டு வட்டத் தடங்கள் சிவந்திருந்தன.

“பதினோரு வருஷமா இவர ஜெயிக்கணும்னு இருந்தேன்,” என்றார்.

“நீங்கதானே ஜெயிச்சீங்க.”

“அவர்கிட்ட சொல்ல முடியாத ஜெயிப்புல என்ன இருக்கு, போ.”

மறுநாள் காலை பத்து மணிக்கு உடலை எடுப்பதாக இருந்தது. முன்னறையில் உறவினர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் பாட்டறைக்குள் வந்து நின்றாள். எதற்கென்று வந்தாளோ அது மறந்துபோயிருந்தது. பின்னாலேயே ஒருவர் தயங்கி நுழைந்தார். அப்பாவின் கட்டுரைகளைப் படித்துப் பழக்கமான பல் மருத்துவர், ஐம்பது வயதிருக்கும்.

“உங்கள தொந்தரவு பண்றேன். சார் எழுதினதப் படிச்சு அதே கேபிள் நானும் வாங்கினேங்க. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. சாருக்கு போன் பண்ணினா, ‘உங்க டிரில்லு உங்க காதையும் சேர்த்துக் குடைஞ்சிடுச்சு டாக்டர்’னார்.” சிரிக்கப் பார்த்தார். “வாஸ்தவம்தானே, இருபத்தஞ்சு வருஷமா அந்தச் சத்தம். அப்பறம் நான் பாட்டே கேக்கறதில்ல. ஒன்றரை வருஷம் ஆச்சு. பாதிதான் காதுல விழுதுன்னா எதுக்குக் கேக்கணும்?”

அவர் பார்வை ஹெட்போனின்மேல் போய் நின்றது.

“சார் கேட்டது எப்படி இருந்துச்சுன்னு ஒரே ஒரு தடவ... எனக்குப் பாதிதான் கேக்கும். இருந்தாலும்.”

வாசற்படியில் சித்தப்பா நின்றிருந்தார். எப்போது வந்தாரோ. “அதெல்லாம் கழட்டி வெச்சாச்சு டாக்டர்,” என்றார் சட்டென்று. “இன்னொரு நாள் வாங்களேன்.”

பத்து ஸ்லைடர்களையும் நடுக்கோட்டுக்கு இறக்க ஒரே ஒரு பொத்தான் போதும். இறக்கினால் இந்த மனிதர் கேட்டுவிட்டு, தலையசைத்துவிட்டு, தன் காதையே நொந்தபடி வீட்டுக்குப் போவார். அப்பா அப்பாவாகவே பத்து மணிக்குப் புறப்படுவார்.

“கழட்டலை சித்தப்பா,” என்றாள். “இருக்கு.”

ஆம்ப்ளிஃபயரைப் போட்டாள். சூடேறும்வரை மூவரும் நின்றார்கள்.

“உக்காருங்க டாக்டர். மொதல்ல அப்பா கேட்ட மாதிரி கேளுங்க. அப்பறம் ஒவ்வொண்ணா இறக்கிக் காட்டறேன். உங்க காதுக்கு ஒண்ணும் இல்ல.”

அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் உட்கார்ந்து, இரு கையாலும் வாங்கி, மாட்டிக்கொண்டு, கண்களை மூடிக்கொண்டார். அவள் பாட்டைத் தொடங்கினாள்.

முதல் மணியில் பல் கூசி அவர் உடம்பு துணுக்குற்றது. நாற்காலியின் கையை இறுகப் பற்றினார். கழற்றவில்லை. இறந்தவர் கேட்டது என்ற மரியாதையாக இருக்கலாம். இரண்டாம் மணியில் மூடிய இமைகளின் ஓரம் நீர் திரண்டது. மூன்றாவதில் கன்னத்தில் இறங்கி ஓடியது.

திறந்திருந்த கதவு வழியே முன்னறைப் பெண்கள் அதைப் பார்த்தார்கள். “சொந்தம்கூடக் கிடையாது, பாரேன்,” என்றாள் ஒருத்தி. அதுவரை அடங்கியிருந்த அத்தை வாயில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு குலுங்கத் தொடங்கினாள். இன்னொருத்தியின் தேம்பலும் கேட்டது.

அவள் முதல் ஸ்லைடரின்மேல் விரலை வைத்து, அவர் கண் திறப்பதற்காகக் காத்திருந்தாள்.